பிறர் இலையின்மேல் விழும் கண்: 'இஞ்சி இடுப்பழகி'யை முன்வைத்துச் சில எண்ணங்கள்

2015ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் 'இஞ்சி இடுப்பழகி' என்னும் திரைப்படம் வெளிவந்தது. அம்பத்தூர்ப் பகுதித் திரையரங்கு ஒன்றில் அதைப் பார்த்தேன். கதைநாயகி உணவை வாயில் வைக்கும்போதெல்லாம் அரங்கில் சிரிப்பு எழுந்தது. அது நகைச்சுவைப் படந்தான். சிரித்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எனக்கு முன்வரிசையில் தன் தாயோடு ஒரு பெண் அமர்ந்திருந்தாள். பதினாறு அல்லது பதினேழு வயதிருக்கும்; சற்றே பருத்த உடல்வாகு. இரண்டாவது சிரிப்பலை ஓய்ந்ததும், மடியிலிருந்த சோளப்பொரிப் பொட்டலத்தை ஓசையின்றி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். தாய் ஏதோ கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தாள். இடைவேளையில் எல்லாரும் எழுந்து சமோசா வாங்கப் போனபோதும் அவள் எழவில்லை.

படம் யாருக்காகப் பரிந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்டதோ, அவளே அங்கு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் படம் செய்தது பொட்டலத்தை மடிக்க வைத்ததுதான். இது எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கதையை நினைவூட்டிவிடுகிறேன். பிரகாஷ் கோவெலமூடி இயக்கி, தெலுங்கில் 'சைஸ் ஜீரோ' என்றும் தமிழில் 'தேவர் மகன்' படப்பாடல் ஒன்றின் முதற்சொற்களைப் பெயராகக் கொண்டும் வந்த படம் இது. பருத்த உடலுடைய ஸ்வீட்டியாக அனுஷ்கா நடித்தார். மகளுக்குத் திருமணம் கூடவில்லையே என்று தவிக்கும் தாயாக ஊர்வசி. பெண் பார்க்க வந்த இளைஞனோடு சம்பந்தம் கூடாமல் போகிறது. மனம் நொந்த ஸ்வீட்டி, விரைவில் எடையைக் குறைத்துத் தருவதாக விளம்பரம் செய்யும் நிலையம் ஒன்றை நாடுகிறாள். அந்நிலையத்தார் தரும் மருந்தை உட்கொண்ட அவளுடைய தோழிக்குச் சிறுநீரகம் கெடுகிறது. வெகுண்டெழுந்த ஸ்வீட்டி, பிரகாஷ்ராஜ் நடித்த அந்நிலைய உரிமையாளருக்கு எதிராக இயக்கம் நடத்துகிறாள், வெல்கிறாள், முடிவில் இளைஞனும் அவளை நாடி வருகிறான்.

இப்படத்திற்காக அனுஷ்கா ஏறத்தாழ 20 கிலோ எடை கூட்டினார் என்று அந்நாளில் செய்திகள் வந்தன. பின்னர் அந்த எடையைக் குறைக்க அவர் பட்ட பாடும் செய்தியாயிற்று. ஒரு முன்னணி நடிகை, மெலிந்த இடையையே முதலாகக் கொண்ட தொழிலில் இருந்துகொண்டு, இதற்கு இசைந்தது துணிவுதான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். போலி மெலிவு நிலையங்களின் மோசடியைப் பொதுமக்கள் முன் வைத்ததும் நல்ல செயலே. நம் சி.டி.எச். சாலையில் மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டே அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை போனால், 'எடையைக் குறைக்க வேண்டுமா? எடையைக் கூட்ட வேண்டுமா?' என்று ஒரே தாளில் இரண்டையும் கேட்டு ஒரே தொலைபேசி எண்ணைத் தரும் விளம்பரங்களைக் காணலாம். எந்த உடலோடு பிறந்தவரும் அந்த எண்ணுக்குப் பேசியே ஆகவேண்டும் போலும்!

ஆயினும் படத்தின் பெருங்குறை இதிலேதான் இருக்கிறது. அது நிலையத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது, வீட்டை விட்டுவிடுகிறது. ஸ்வீட்டியை அந்நிலையத்தின் வாசலுக்குத் துரத்தியவர்கள் யார்? பெற்ற தாயும், பெண் பார்க்க வந்தவர்களும், தெருவில் நின்று சிரித்தவர்களும் அல்லவா? இவர்களுக்கெல்லாம் படம் பாசம் என்றும் வேடிக்கை என்றும் பெயர் சூட்டி மன்னித்துவிடுகிறது. இதைவிட வருந்தத்தக்கது, இயக்குநரின் ஒளிப்பதிவுக் கருவியே அந்தச் சிரிப்பவர்களின் பக்கம் நின்றுகொள்வது. அவள் உண்பதைக் காட்டும்போதெல்லாம் அது வேடிக்கை பார்க்கிறது. முதற்பாதியில் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டுப் பிற்பாதியில் சிரிக்காதீர்கள் என்று அறிவுரை கூறுவது, உண்டியலில் கைவிட்டுவிட்டுக் காணிக்கை போடுவதைப் போன்றது. முன்வரிசைப் பெண்ணுக்கு அறிவுரை வந்து சேருமுன் சிரிப்பு வந்து சேர்ந்துவிட்டது.

இச்சிரிப்பு ஒரு படத்தோடு பிறந்ததன்று. தமிழ்த் திரையுலகம் தன் துணை நடிகர்களுக்குச் சூட்டிய பெயர்களைப் பாருங்கள். ஒருவர் 'குண்டு' கல்யாணம். இன்னொருவர் 'ஓமக்குச்சி' நரசிம்மன். பருத்தாலும் பெயர், மெலிந்தாலும் பெயர். கல்யாணம் என்றும் நரசிம்மன் என்றும் பெற்றோர் இட்ட பெயர்கள், உடலின் சுற்றளவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றன. 2025இல் மறைந்த பிந்துகோஷ் அம்மையாரும் இவ்வரிசையில் வருபவர். நடனத்தில் தேர்ந்த அவரை 1982இல் 'கோழி கூவுது' நகைச்சுவை நடிகையாக்கிற்று. அதன்பின் அவருடைய பருமனே அவருக்கு வேடமாயிற்று. இறுதிக் காலத்தில் நோயால் மெலிந்து, வறுமையில் வாடி, உதவி கோரி அவர் பேசியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவருடைய உடலைப் பார்த்துச் சிரித்த நாட்டுக்கு, மெலிந்த அவரை அடையாளமே தெரியவில்லை.

நகைச்சுவையில் பருத்த உடல் ஒரு சாட்சியமாகவே கையாளப்படுகிறது. 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியை அறியாத தமிழர் இல்லை. இரண்டு பழங்களில் ஒன்று காணவில்லை, தின்றவர் செந்தில். அந்தக் காட்சி என்னையும் இன்றுவரை சிரிக்க வைக்கிறது. அதன் சொல்விளையாட்டு அப்படிப்பட்டது. ஆனால் தொப்பையுள்ளவர்தான் பழத்தைத் தின்றிருப்பார் என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உடலைக் கண்டதும் உணவைக் கணக்கிட்டுவிடுகிறோம்.

இதிலே விந்தை என்னவென்றால், பருமனைத் தமிழர் எப்போதும் இகழ்ந்ததில்லை. சாவித்திரியையும் கே.ஆர். விஜயாவையும் கண் நிறையப் பார்த்தவர்கள் நம் பெற்றோர். 1990களில் குஷ்புவுக்குத் திருச்சியில் கோயில் எழுப்பியதும், பெரிதாய் மெத்தென்று வெந்த இட்டலிக்கு அவர் பெயரை இட்டதும் நம்மவர்களே. ஒரு நடிகையின் உடலை உணவின் பெயராக்கி உண்டதில் மரியாதை இருந்ததா என்று கேட்டால் எனக்கு ஐயந்தான். ஆனால் இகழ்ச்சி இல்லை. 'பூசினாற்போல் இருக்கிறாள்' என்று மணமகளைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சத்தின் நினைவு, தலைமுறை தலைமுறையாகத் தாய்மாரின் கையில் தங்கியிருந்தது. 1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பட்டபோதும் நாட்டின் அச்சமெல்லாம் 'நோஞ்சான்' பிள்ளைகளைப் பற்றியே இருந்தது. எலும்பும் தோலுமாய் இருப்பது ஏழ்மை. சதைப்பிடிப்பு இருந்தால் வீட்டில் சோறு இருக்கிறது என்று பொருள்.

அந்தக் கண் எப்போது மாறிற்று? தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்ததற்கும் இதற்கும் தொடர்புண்டு என்பதற்குத் தொலைதூரத்துச் சான்று ஒன்று இருக்கிறது. பசிபிக் கடலில் உள்ள ஃபிஜித் தீவில், பருத்த உடலையே நல்லுடல் என்று போற்றிய மக்களிடையே, 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்குள்ள பள்ளி மாணவியரை அவ்வாண்டிலும் 1998இலும் ஆராய்ந்தார. எடையைக் குறைப்பதற்காகத் தாமே வாந்தி எடுக்கும் பழக்கம் முதல் ஆய்வில் ஒருவரிடமும் இல்லை. மூன்றாண்டுகளில் அது 100க்கு 11 பேரிடம் இருந்தது. தாங்கள் பருத்துவிட்டதாக எண்ணியவர்கள் நான்கில் மூன்று பேர். அவர்களுடைய பாட்டிமார் அதே உடலைக் கண்டு மகிழ்ந்திருப்பார்கள்.

நம் மொழியும் இவ்விஷயத்தில் குற்றமற்றதன்று. தமிழாசிரியனாக வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். 'கொழுப்பு' என்ற சொல்லுக்கு உடலின் நெய்ப்பொருள் என்றும் பொருள். செருக்கு என்றும் பொருள். 'உனக்குக் கொழுப்பு அதிகம்' என்று ஒருவரை ஏசும்போது நாம் மருத்துவம் பேசவில்லை. 'தின்று கொழுத்தவன்' என்றால் உழைக்காமல் பிறர் பொருளில் வாழ்பவன். 'தடியன்' என்பதும் வசவே. மறுபக்கம் 'இளைத்தவன்' என்றால் தோற்றவன், எளியவன். பருத்தவர் மீது அகந்தையையும் சோம்பலையும், மெலிந்தவர் மீது இயலாமையையும் ஏற்றிச் சொல்லும் அகராதி ஒன்று நம் நாவில் எப்போதும் இருக்கிறது. அதனோடு நம் கவிமரபு நூலிடை, துடியிடை, மின்னிடை என்று பெண்ணின் இடையை இல்லாமலே ஆக்கிப் பாடிற்று. அந்த உவமைகளை வகுப்பில் நயம்பட விளக்கியபோது, எதிரே இருந்த மாணவியர் தங்கள் இடையைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை.

நினையாதது அதோடு நிற்கவில்லை. ஆவடியில் ஒரு பள்ளியில் நான் பணியாற்றிய நாள்களில், எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கனத்த உடம்பு. நல்ல கையெழுத்து. மதிய மணி அடிக்குமுன்பே அவன் உணவுப் பாத்திரத்தைத் திறந்துவிட்டான் என்று ஒருநாள் யாரோ முறையிட, 'என்னப்பா, சாப்பாட்டு ராமன்!' என்று சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். தமிழய்யா வைத்த பெயர் அல்லவா, அது நிலைத்துவிட்டது. சில வாரங்களுக்குப் பின் அவனுடைய தாய் வந்து, 'ஐயா, கட்டிக் கொடுத்த சோறு அப்படியே திரும்பி வருகிறது. ஆனால் பிள்ளை இளைத்தபாடில்லை, என்னவென்று விசாரியுங்கள்' என்று கேட்டார். விசாரித்தேன். பள்ளி விட்டதும் நண்பர்களை முன்னே போகவிட்டு, ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருந்த பஜ்ஜிக் கடையில் தனியே நின்று, கையில் இருக்கும் காசுக்கெல்லாம் வாங்கி விரைந்து தின்றுவிட்டு வீடு போகிறான் என்று தெரிந்தது. சிறிது சிறிதாகப் பலர் நடுவில் உண்ண வேண்டியதை, ஒரே வேளையில் ஒளிந்து உண்ணும்படி அவனைப் பழக்கியவன் நானே. தாயிடம் நான் இதைச் சொல்லவில்லை. வயதுப் பிள்ளை, போகப் போகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டேன்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு பூந்தமல்லியில் ஒரு திருமண மண்டபத்தில் அவனைச் சந்தித்தேன். நடுத்தர வயது, தொழிற்பேட்டையில் நல்ல வேலை. அன்போடு வணங்கி நலம் விசாரித்தான். பந்தி கூப்பிட்டபோது, 'வா, சேர்ந்து உட்காரலாம்' என்றேன். 'நீங்கள் உட்காருங்கள் ஐயா. கூட்டம் குறைந்த பிறகு நான் சாப்பிடுகிறேன்' என்றான்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு ஆற்றல் உண்டா என்று ஐயுறுவோர் இருக்கலாம். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சலினா சுடினும் அன்டோனியோ டெரச்சியானோவும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை 2006இலும் 2010இலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடக்கத்தில் உடற்பருமன் இல்லாதவர்களில், எடையின் பெயரால் அவமதிக்கப்பட்டவர்கள், அவமதிக்கப்படாதவர்களைக் காட்டிலும் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக நான்காண்டுகளில் உடற்பருமன் நிலைக்குச் சென்றிருந்தார்கள். நிறம், பால் முதலிய பிற காரணங்களால் இழிவு பெற்றவர்களிடம் இந்த விளைவு காணப்படவில்லை. கேலி செய்தால் ரோஷம் வந்து குறைத்து உண்பார்கள் என்னும் நம் வீட்டு மருத்துவம் இங்கே தோற்றுப்போகிறது. அவமானம் உண்டானால் உடல் அதை ஒரு நெருக்கடியாகவே எடுத்துக்கொள்கிறது. ஆறுதல் தேடும் மனத்துக்கு இனிப்பும் எண்ணெய்ப் பண்டமுமே கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்றால் தெருவில் பார்ப்பவர்களின் கண். இந்த வட்டத்திலிருந்து ஒருவர் எப்படி வெளிவருவது?

பட்டினியாலும் வெளிவர முடிவதில்லை. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 நவம்பரில், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், போரினால் பசித்தவர்களுக்கு உணவளிக்கும் முறையைக் கண்டறிய உதவ வேண்டும் என்று தாமே முன்வந்தார்கள். இருபத்துநான்கு வாரம் அவர்களுக்கு அரைவயிற்று உணவு. உடல் எடையில் கால்பங்கு குறைந்தது. அவர்களுடைய பேச்சிலும் கனவிலும் உணவைத் தவிர வேறொன்றும் இல்லாமற்போயிற்று. சமையல் நூல்களைச் சேகரித்துப் படித்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பின் சிலர் எவ்வளவு உண்டும் நிறைவு காணாமல் உண்டுகொண்டே இருந்தார்கள். உயர்ந்த நோக்கத்தோடு பசித்திருந்த மனவுறுதியாளர்களின் நிலையே இதுவானால், பக்கத்து வீட்டாரின் ஏளனத்துக்கு அஞ்சிக் காலையுணவை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண், மாலையில் அளவிழந்து உண்டால் அதைப் பலவீனம் என்று எப்படிச் சொல்வது?

இனி, கண் பார்த்து அளப்பதே தவறு என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின் இருவரும் 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் படத்தைச் சேர்த்து வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. பார்வைக்கு இருவரும் மெலிந்தவர்கள். உள்ளே அளந்தால் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, நம்மவர் உடலில் 21.2 விழுக்காடு! மெலிந்து தோன்றும் இந்தியருக்கு நீரிழிவு ஏன் வருகிறது என்பதை இவ்விருவர் படம் விளக்கிற்று. இதனால்தான் இந்தியர்க்குக் குறியீடு 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை வேண்டும் என்கிறார்கள். 'உனக்கென்ன, ஒல்லி! எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்று சொல்லி நாம் கூடுதலாக இரண்டு மைசூர்பாகு எடுத்து வைக்கும் உறவினர், நாம் கேலி செய்யும் உறவினரைவிட ஆபத்தில் இருக்கக்கூடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எடை என்பது வெறும் பார்வைக் கோளாறு, அதில் நோயே இல்லை என்று நான் வாதிடவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேர் கூடுதல் எடையுடையவர்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் அது 31. ஆண்களில் 37. அதே கணக்கெடுப்பில் எடை குறைந்த பெண்கள் 100க்கு 12க்கும் மேல் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இவ்வளவு பேர் ஐந்தாண்டுகளில் திடீரென்று பேராசைக்காரர்களாகிவிட்டார்களா? நம் ஊரையே பாருங்கள். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை தொடங்கப்பட்ட ஊர் அம்பத்தூர். சைக்கிள் செய்த ஊரில், வேலைக்குச் செல்வோர் சைக்கிளில் சென்றார்கள். 1960களில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் வந்த பிறகும் முறைமாற்றச் சங்கு ஊதினால் சாலை நிறையச் சைக்கிள்களே. இன்று அதே சாலையில் சைக்கிளில் போக யாருக்குத் துணிவு வரும்? நடைபாதை கடைகளுக்குப் போய்விட்டது. தொழிற்பேட்டையில் கணினி முன் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, இரவு முறை முடிந்து வரும் பிள்ளைகளுக்குத் திறந்திருப்பது பரோட்டாக் கடை ஒன்றே. வீட்டிலோ, எல்லாரும் உண்ட பின் நின்றவாறே உண்ணும் தாய், மீந்ததை வீணாக்க மனமின்றித் தன் வயிற்றில் போட்டுக்கொள்கிறாள். அவளைத்தான் பிள்ளைகள் 'குண்டம்மா' என்று கொஞ்சுகிறார்கள்.

நோய் உண்டு என்பதனாலேயே இழிவு கூடாது என்கிறேன். இதற்கு நம் பகுதியிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 1999இல் இரண்டு அமைப்புகளை இணைத்து உருவாக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் கள ஆய்வுப் பிரிவு. தொழுநோயைக் குணப்படுத்த மருந்து கிடைத்த பின்னும், ஊரார் பார்வைக்கு அஞ்சித் தோலில் தோன்றிய தேமலை மறைத்தவர்கள் எத்தனை பேர்! மறைத்ததனால் தாமதம்; தாமதத்தால் ஊனம். கிருமி செய்ததில் பாதியைக் கூச்சம் செய்தது. இன்று எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறச் சொல்வார்களே என்று அஞ்சி, நீரிழிவுச் சோதனைக்கே போகாமல் நாள் கடத்தும் பெண்களை நான் அறிவேன். நோயைவிட முந்திக்கொண்டு வெட்கம் வந்து அமரும்போது மருத்துவருக்கு அங்கே இடமில்லை.

இந்த இதழின் வாசகர்கள் இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பக்கூடும். போசனப்பிரியம் தலையான பாவங்கள் ஏழில் ஒன்றென்று மறைக்கல்வியில் படித்தோமே, அதற்கென்ன சொல்கிறீர்? நல்ல தடைதான். விடையைத் தொமினிக் சபைத் துறவியான புனித தோமா அக்குவினாரிடமே கேட்போம். அவர் பருத்த உடலினர் என்றே அறியப்பட்டவர். உடன் பயின்றவர்கள் 'ஊமை எருது' என்று பட்டம் சூட்டினார்கள் என்பது அவர் வரலாற்றில் கூறப்படும் செய்தி. வகுப்பறைக் கேலி பதின்மூன்றாம் நூற்றாண்டிலும் இருந்திருக்கிறது! போசனப்பிரியத்தைப் பற்றி எழுதும்போது அவர், பெரிய கிரகோரியாரைப் பின்பற்றி ஐந்து வகை கூறுகிறார்: வேளைக்கு முன் உண்ணுதல், விலையுயர்ந்ததையே நாடுதல், அளவுக்கு மிஞ்சுதல், வெறியோடு உண்ணுதல், பக்குவத்தில் மிகையான நுணுக்கம் பார்த்தல். இவற்றில் எதிலும் உடலின் சுற்றளவு சொல்லப்படவில்லை. அளவு என்பதே ஐந்தில் ஒன்றுதான். உணவின்மேல் மனம் கட்டுண்டு கிடப்பதே குற்றம். அப்படியானால் தட்டில் உள்ள ஒவ்வொரு பருக்கையையும் கலோரி எண்ணிப் பார்த்து, நாள் முழுவதும் அதே நினைவாக இருக்கும் மெலிந்தவரும் அந்த ஐந்தாவது வகையின் அருகே நிற்கிறார் என்று கொள்வதில் தவறில்லை என்பது என் கருத்து. தவக்கால நோன்பை எடைக் குறைப்புத் திட்டமாக்கிக்கொண்டு, உயிர்ப்பு ஞாயிறன்று எத்தனை கிலோ குறைந்தது என்று கோயில் வாசலில் கேட்டுக்கொள்வதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

பிறர் உண்பதைப் பார்த்துத் தீர்ப்பிடும் பழக்கம் பழையது. யோவான் உண்ணா நோன்பிருந்தபோது பேய் பிடித்தவர் என்றார்கள். ஆண்டவர் எல்லாரோடும் பந்தியமர்ந்தபோது பெருந்தீனிக்காரர் என்றார்கள். மத்தேயு நற்செய்தியின் பதினோராம் அதிகாரம் இதைச் சொல்கிறது.

தமிழில் உணவையும் அவமானத்தையும் ஒருங்கே வைத்து எழுதப்பட்ட படைப்புகளில் ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' என்னும் சிறுகதையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 2011இல் வெளிவந்த 'அறம்' தொகுதியில் அது இருக்கிறது. உடற்பருமனுக்கும் அக்கதைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. அதில் வருபவன் பசித்த ஏழை மாணவன். உறவினர் வீட்டில் அவன் உண்ணும் ஒவ்வொரு கவளத்தின்மேலும் ஒரு கண் இருக்கிறது. அங்கே அவனுக்குச் சோறு இறங்குவதில்லை. திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப்பின் சோற்றுக்கடையில், பணம் போட்டானா இல்லையா என்று பார்க்காத பேருருவம் கொண்ட ஒரு மனிதர், அவன் தட்டில் மீனும் சோறும் அள்ளி அள்ளி வைக்கிறார். உண்பவனை உணவோடு விட்டுவிடத் தெரிந்தவர் அவர். உண்பவன் தன்னைப் பிறர் கண்ணால் பார்த்துக்கொள்ளத் தேவையில்லாத இடத்தில்தான் தன் வயிறு நிறைந்துவிட்டது என்பதையும் அவனால் உணர முடிகிறது. எடையைப் பற்றிப் பேச வந்த எந்தத் திரைப்படமும் இந்தச் சிறுகதை அளவுக்கு உண்ணுதலை உணரவில்லை.

'இஞ்சி இடுப்பழகி' அந்த இடத்தை நெருங்கியிருக்கலாம். ஸ்வீட்டி தன் தோழிக்காகப் போராடும் பகுதியில், அவள் தன் உடலையே மறந்து செயற்படுகிறாள். படம் அங்கே நிமிர்கிறது; அனுஷ்காவின் நடிப்பும் அங்கே இயல்பாகிறது. ஆனால் வெற்றிக்குப் பரிசாக இளைஞனைக் கொண்டுவந்து நிறுத்தியதும் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. பருத்த பெண்ணும் நேசிக்கத்தக்கவளே என்று சான்றிதழ் வழங்க ஒருவன் தேவைப்படுகிறான். 'உம்' என்னும் அந்த ஈரெழுத்தில் எவ்வளவு இரக்கம், எவ்வளவு இளக்காரம்!

படத்தில் இல்லாத ஒரு காட்சியை நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். தோழி மருத்துவமனையில் கிடக்க, இரவு வெகுநேரம் கழித்து ஸ்வீட்டி வீடு திரும்புகிறாள். தாய் விழித்திருக்கிறாள். தட்டு வைத்துச் சோறு போடுகிறாள். வழக்கமாக வரும் பேச்சு, திருமணத்தைப் பற்றியது, எடையைப் பற்றியது, அவள் நாவின் நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. பசியோடு வந்த மகள் வேண்டிய மட்டும் உண்கிறாள். அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. ஊர்வசி போன்ற நடிகையிடம் அதைக் கேட்டிருந்தால் ஒரு சொல்லும் இன்றி நடித்துத் தந்திருப்பார். அந்தக் காட்சி வந்திருந்தால் முன்வரிசைப் பெண் தன் கைப்பையைத் திறந்திருப்பாளோ என்னவோ. படம் முடிந்து விளக்குகள் எரிந்ததும், அவள் அந்தப் பொட்டலத்தை எடுத்து வாயிலருகே இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தாயின் பின்னால் வேகமாக நடந்து போனாள்.